நாலு வரிக் காப்பீடு

கார் எடுக்கப் பெரியப்பா மகளைக் கூட்டிப் போயிருக்கக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அந்த அக்காவுக்குத் தெரியும். பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவளுக்கு மூன்று வேன் வைத்திருக்கும் புருஷன் கிடைத்தான். எனக்குப் பட்டம் கிடைத்தது. குடும்பத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துக்கு முன்னால் என்னிடம்தான் வரும். அவள் வீட்டுப் பத்திரத்தைக்கூட வரி வரியாக நான்தான் படித்துச் சொன்னேன். படித்துச் சொன்னவளுக்குப் பஸ், கேட்டுக்கொண்டவளுக்குக் கார். வயிறு எரியாதா?

இன்றைக்கு என் கார். என் சம்பளம், என் பெயர். கைப்பையில் தனிக் கவரில் பதினெட்டாயிரம், திங்கட்கிழமை டிரைவிங் ஸ்கூலில் கட்ட. அப்புறம் அவளிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

ஷோரூமில் விற்பனையாளன் கடைசி பில்லை நீட்டினான். பேசிய விலைக்கு மேல் பதினேழாயிரத்துச் சொச்சம் ஏறியிருந்தது. காப்பீட்டுக்குக் கீழே புதிதாக நாலு வரி: தேய்மானத்துக்கு, இன்ஜினுக்கு, டயருக்கு, சாவி தொலைந்தால் சாவிக்கு.

"இதெல்லாம் யாரு கேட்டா?"

"எல்லாரும் எடுப்பாங்க மேடம்."

"விருப்பப்பட்டா எடுக்கறதுதானே? எனக்கு விருப்பமில்ல. தூக்குங்க."

"சிஸ்டத்துல ஏத்தியாச்சு மேடம். மாத்த முடியாது."

நான் சம்மதித்த கையெழுத்தைக் காட்டு என்றேன். பில்லையே மறுபடி நீட்டினான். மேனேஜரைக் கூப்பிடு என்றேன். மீட்டிங்காம். கண்ணாடிக்குப் பின்னால் அவர் டீ குடிப்பது எனக்குத் தெரிந்தது. அரை மணி நேரம் நின்றுகொண்டே கத்தினேன்.

"விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க," என்றார் கூட வந்திருந்த அப்பா.

காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா வந்தாள். "என்னடி சண்டை?"

சொன்னேன். பில்லை அவள் கையில்கூட வாங்கவில்லை.

"ஏம்ப்பா, எங்க வீட்டுப் புள்ளகிட்டயே உன் வேலையக் காட்றியா? எடுத்துடு அதை."

"சரிங்கக்கா."

அவ்வளவுதான். சிஸ்டம் மாறத் தயாராகிவிட்டது. மேனேஜர் டீயை வைத்துவிட்டு ஓடி வந்தார். "அடடா, மூணு வேனும் நம்மகிட்ட எடுத்தவங்க! உங்க தங்கச்சின்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே?" அவளுக்கு நாற்காலி வந்தது. நாலு வரியையும் அடிக்க விற்பனையாளன் பேனாவைத் திறந்தான்.

என் அரை மணி நேரமும் அவளுடைய ஒரு அதட்டலுக்குப் பெறவில்லை.

"அடிக்காதீங்க," என்றேன். "நாலும் இருக்கட்டும்."

"லூசாடி நீ? இப்பதானே வேணாம்னு குதிச்ச?"

"என் காரு. நான் கட்டறேன்."

கவரைப் பிரித்து மேஜையில் வைத்தேன். மேனேஜர் மறுபேச்சில்லாமல் எண்ணினார்.

வெளியே அக்கா என் டிரைவர் சீட்டை அவள் காலுக்கு எட்ட இழுத்துப் போட்டாள். அப்பா முன்னால் ஏறிக்கொண்டார். எனக்குப் பின்சீட்டு.

"திங்கக்கிழமை கிளாஸ் எத்தனை மணிக்குடி?"

"போகல."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். எந்தக் கவர் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சிரிக்கவில்லை.

"சரி விடு. எங்க போகணும்னாலும் ஒரு போன் போடு, நான் வந்து ஓட்டறேன்."

வாசலில் யாரோ குறுக்கே வந்தார்கள். என் காரின் ஹாரனை முதல்முதலாக அவள் அடித்தாள்.