வற்றத்தில் பதிந்த சாலை

அந்தமானின் டாலிகஞ்சில் ஜெரினுக்கு வாடகை சைக்கிள் கடை. சைக்கிளோடு கையடக்க ஜி.பி.எஸ். கருவி ஒன்றும் கொடுப்பான். அதிலிருந்த வரைபடம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து கிடப்பது. ஊரின் பாதி சந்துகளைச் சைக்கிள் மிதித்துப் போய் அதில் பதிந்தவனே அவன்தான்.

காலை ஒன்பதுக்குத் தமிழரசி டீச்சர் சைக்கிள் எடுத்துப் போனார். மெயின்லேண்டிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கால்மணி கழித்து ஜெரினின் அப்பா மத்தியாஸ் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார்.

"கடலுக்குப் போகலியா?"

"பௌர்ணமி நீரோட்டம்லா, வலை நிக்காது. பத்தரைக்குக் கடல் ஏத்தம் உச்சம். ஓடைக்கரை ரோடே முங்கிரும்."

ஜெரின் எழுந்துவிட்டான். சுனாமி வந்த அன்று தரை தாழ்ந்துபோன இடம் அது. அந்தச் சாலையை அவன் பதிந்தது ஒரு ஞாயிறு மதியம், பூசை முடிந்து, கடல் உள்வாங்கிக் கிடந்த நல்ல வற்றத்தில். சக்கரம்கூட நனையவில்லை. ஆறு கிலோமீட்டர் மிச்சம் என்ற குஷியில் சைக்கிள் பாதை என்று குறித்துவிட்டான்.

"டீச்சரை அந்த வழிதான் அனுப்பிருக்கேன்."

மத்தியாஸ் எடுத்த பீடியைத் திரும்பப் பையில் போட்டார். "மீன்காரன் மவன் தண்ணி பாக்காம ரோடு போட்டிருக்கான். நீ முன்ன போ. நான் டிங்கிப் படக எடுத்துட்டு ஓடை வழியா வாறேன்."

டீச்சரின் போன் கிடைக்கவில்லை. மிதித்தான். முதலை எச்சரிக்கைப் பலகையைத் தாண்டியதும் சாலை தண்ணீருக்குள் இறங்கியது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் கல்வெர்ட் பாலத்தின் மேல் டீச்சர், சைக்கிளைப் பிடித்தபடி. அவருக்கு முன்னும் பின்னும் தண்ணீர்.

"கணுக்கால் அளவுதான்னு வந்தேன் ஜெரின். இந்தக் கருவி இன்னும் நேரே போகத்தான் சொல்லுது. ஆழம் எவ்வளவு?"

அவனுக்குத் தெரியாது. காய்ந்து கிடந்தபோது மட்டுமே பார்த்தவன்.

"இறங்காதீங்க டீச்சர். கைப்பிடிச் சுவர் மேல ஏறிருங்க."

"நீங்க போட்ட வழின்னு சொன்னீங்களே?"

"ஆமா."

அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சுவர் மேல் ஏறினார். அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சைக்கிளின் பெடலைத் தொட்டபோதுதான் டிங்கியின் சத்தம் கேட்டது. மத்தியாஸ் டீச்சரை ஏற்றினார், பிறகு சைக்கிளை. மகன் பக்கம் திரும்பவில்லை.

கடைக்குத் திரும்பியதும் ஜெரின் வரைபடத்தில் அந்தச் சாலையை நடுவில் வெட்டித் தண்ணீர் என்று குறித்தான். வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் போன மாதம் பழைய வரைபடத்தைத் தங்கள் கருவியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் பதினொரு பேர். அவர்களிடம் சாலை இன்னும் முழுசாகவே இருந்தது. நான்கு பேரின் நம்பர்தான் அவனிடம் இருந்தது.

இதே ஏத்தம் மறுபடி வரும் அமாவாசைக்கு இன்னும் பதினைந்து நாள்.