ஈரத் தலை

பூட்டுக்காரருக்குச் சந்தேகம் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. சாவி தொலைந்துபோச்சு என்று யார் வந்து நின்றாலும், "வீடு உங்களோடதுதானா?" என்று இரண்டு தடவை கேட்காமல் பையைத் தூக்கமாட்டார். அப்படிப்பட்டவரின் மனைவி சனிக்கிழமைதோறும் ஈரத் தலையோடு வீடு திரும்பினால் சும்மா இருப்பாரா?

"எங்க போயிட்டு வர்றே?"

"கடைக்கு."

"கடைக்குள்ள மழையா?"

"வேர்வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. அவளுடைய பையை மோந்து பார்த்தார், மருந்து நெடி. சொல்லாமல் மறைக்கிற வியாதி ஏதாவதோ? ஆனால் மாடிப்படியில் கீழ்வீட்டு அக்காவோடு அவள் குசுகுசுவென்று பேசுவதையும், தன்னைக் கண்டதும் பேச்சு நின்றதையும் பார்த்தபோது, பயம் போய்க் கோபம் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து எதற்கோ அடிபோடுகிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, பூனை போலப் பின்னாலேயே போனார். அவளும் அக்காவும் நகராட்சி நீச்சல்குளத்துக்குள் நுழைந்தார்கள். அவர் கம்பி வேலியில் முகத்தைப் பதித்தார். பையில் அடித்த அதே மருந்து நெடி, குளத்துத் தண்ணீரிலிருந்து வந்தது.

வாளித் தண்ணீரைக்கூட முகத்தில் ஊற்றப் பயப்படுகிறவள், மார்பளவு தண்ணீரில் பல் கிட்டிக்க நின்றிருந்தாள். அக்கா அவளை மல்லாத்தி முதுகைத் தாங்கினார். பிறகு கையை எடுத்தார். அவள் மூழ்கினாள், இருமிக்கொண்டு எழுந்தாள், மறுபடியும் மல்லாந்தாள்.

"யாருய்யா நீ? பொம்பளைங்க குளிக்கிற இடத்துல எட்டிப் பாக்குறே?" வாட்ச்மேன் அவர் சட்டையைப் பிடித்திருந்தார்.

"உள்ள இருக்கிறது என் பெஞ்சாதிங்க."

"பிடிபட்டா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

அவளே வந்து மீட்க வேண்டியதாயிற்று. வழியெல்லாம் அவர் தலையைத் தூக்கவில்லை. வீட்டு வாசலில்தான் கேட்டார், "இந்த வயசுல இது எதுக்கு?"

"இப்படிக் கேப்பீங்கன்னுதான் சொல்லலை." அவள் தலையைத் துவட்டினாள். "அன்னைக்கு வாய்க்கால்ல அந்தப் புள்ள விழுந்துச்சே, தெருவே கரையில நின்னு கத்துச்சு. அக்காதான் செருப்பைக்கூடக் கழட்டாம குதிச்சாங்க. நான் துண்டை வெச்சுக்கிட்டு நின்னேன். அதுக்கப்புறம் எனக்குச் சோறே இறங்கலை."

"சரி, அவங்களுக்கு இதுல என்ன லாபம்?"

"நானும் கேட்டேன். 'அடுத்த தடவை குதிக்கத் துணைக்கு ஆள் வேணும்'னாங்க."

அன்றைக்குக் கரையில் நின்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் அவர்தான்.

"ஆம்பளைங்களுக்கு எந்தக் கிழமை?" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளத்துப் படியில் முழங்கால் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கிறார்களோ என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை முக்கினார்.