ஆமாம் வீட்டுப் பெண்

பாத்திரங்களின் மூடியைத் திறந்தாயிற்று, ஆவியும் பறந்தது, ஆனால் அப்பா ஜெபம் பண்ணக் கண்ணை மூடிவிட்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கும் மகள் மட்டும் கண்ணை மூடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவரைத்தான் அவள் கட்டிக்கொள்ளப் போகிறாள், அப்பா சரியென்றால். அவனோ சாமியே இல்லாத வீட்டில் வளர்ந்தவன். நம்பாததை வாயால் சொல்லாதே என்பது அவன் அப்பா ஊட்டி வளர்த்த பாடம். "ஒரே ஒரு ஆமென் சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்று வழியெல்லாம் கெஞ்சிப் பார்த்தாள். "உங்கப்பாகிட்ட மொத நாளே பொய் சொல்லச் சொல்றியா?" என்றான். அவளுக்கு அவனிடம் பிடித்ததே அந்தப் பிடிவாதம்தான், என்ன செய்ய.

இன்னொன்றை அவனிடம் சொல்லவேயில்லை. அவள் வீட்டில் ஆமென் கிடையாது. அப்பா சிறுவயதில் அதை "ஆமாம்" என்று காதில் வாங்கிக்கொண்டு அப்படியே வளர்ந்துவிட்டார். திருத்த வந்தவர்களிடம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி அதையேதான் சொன்னார். கட்டிக்கொண்டு வந்த அம்மாவுக்கும் ஒட்டிக்கொண்டது. ஜெபக்கூடத்தில் எல்லோரும் முடித்த பிறகு அப்பாவின் "ஆமாம்" மட்டும் தனியாகக் கணீரென்று விழும். பின் பெஞ்சில் சிரிப்பார்கள். பள்ளிக்கூடம்வரை அவளுக்கு "ஆமாம் வீட்டுப் பொண்ணு" என்றே பெயர். மானம் போகிறதென்று ஒருநாள் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வீட்டிலும் அவள் மட்டும் சுத்தமாக "ஆமென்". அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்பா முடிதிருத்துகிறவர். நாற்காலியில் உட்கார்ந்த ஆளிடம் பேசுவதுபோலத்தான் ஆண்டவரிடமும் பேசுவார். கையில் கத்தி இல்லாததால் இங்கே இன்னும் தாராளம். அத்தையின் முழங்கால் வலி, கடைக்கு எதிரே தோண்டிப்போட்ட சாக்கடை எல்லாம் வந்து போயின. "இந்தத் தம்பி நம்ம வீட்டுக்கு வந்திருக்காரு. ராப்பகலா வண்டியில ஓடுறவரு, அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. எங்க புள்ளைய அவரு நல்லா பாத்துக்குவாரு." குரல் தடுமாறி நின்றது. நாள் முழுக்க மற்றவர்களை மூச்சைப் பிடிக்கச் சொல்கிறவள், இப்போது தானே பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்" என்றான் அவன்.

அப்பா கண்ணைத் திறந்தார். அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். "யாரு சொல்லிக் குடுத்தா? நீயாம்மா?" என்று மகளைக் கேட்டார் அப்பா.

"சத்தியமா இல்லப்பா!"

"என்னைப் பத்திதானே சொன்னீங்க, அதான் சொன்னேன்." அவன் முழித்தான். "தப்பாயிடுச்சா மாமா?"

மாமா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "தப்பா? எங்க வீட்டுக்கு வெளிய அத ஒழுங்கா சொன்ன மொத ஆளே நீங்கதான் மாப்ள!" அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே வெட்கமும். பொய் சொல்லத் தெரியாதவன் வாயில் தானாக வந்த இந்த வார்த்தைக்காகவா பெஞ்சு மாறி உட்கார்ந்தோம்?

"இருங்க, இன்னும் முடிக்கல" என்று அப்பா திரும்பவும் கண்ணை மூடினார். "ஆண்டவரே, சாப்பாடு ஆறிப்போகுது."

"ஆமாம்!"

மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவள் குரல் கணீரென்று விழுந்தது. அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தார்.