யாரும் தொடாத பொத்தான்

டாரல் குபியாக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தான். பிப்ரவரிக் குளிர் தாங்காமல் திரும்ப உள்ளே வந்தான். அவன் விட்ட இடத்திலேயே மகள் டெஸ்ஸா அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் எதிரே இருந்த சிவப்புப் பொத்தானை இன்னும் ஒருவர்கூடத் தொடவில்லை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அந்தச் சிறு ஊரில் ஆண்டுக்கொரு முறை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மெழுகு பொம்மைகள் ஆவார்கள். ஆளுக்கொரு அமெரிக்க அதிபர் வேஷம். சுவரோரம் மூச்சுப் பேச்சில்லாமல் நிற்க வேண்டும். எதிரே ஒரு நாற்காலியில் சிவப்புக் காகித வட்டம் ஒட்டியிருக்கும், அதுதான் பொத்தான். யாராவது அமுக்கினால் பொம்மைக்கு உயிர் வரும், தன் கதையைச் சொல்லிவிட்டு மறுபடி உறைந்துவிடும். அமுக்க ஆளில்லையென்றால் கடைசிவரை மெழுகுதான். லிங்கன் முன்னால் எப்போதும் கூட்டம். அட்டைத் தொப்பியும் ஒட்டுத் தாடியும் போதும், எந்தக் கட்சிக்காரனும் அமுக்குவான். செத்து நூறு வருஷம் ஆனவர்கள் மேல் யாருக்கும் கோபம் இருப்பதில்லை. வம்பெல்லாம் நம் காலத்து ஆட்களால்தான்.

டெஸ்ஸாவுக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுந்தவர் அப்படி ஒருவர். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கதையைக் கைவிட்டுவிடுவீர்கள். டாரலுக்கு ஆகவே ஆகாதவர் என்று தெரிந்தால் போதும். அவன் வண்டியின் பின்பக்கம் முழுக்க அவரைத் திட்டும் ஸ்டிக்கர்கள். தொலைக்காட்சியில் அந்த முகம் வந்த மாத்திரத்தில் சத்தத்தை நிறுத்திவிடுவான். "இந்த வீட்டுல அந்தாளு குரல் கேக்கக் கூடாது" என்பது சட்டம். சேனலை மட்டும் மாற்ற மாட்டான். அடுத்து வானிலை வரும். சாலைப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவனுக்கு அது சோறு போடுகிற செய்தி. ஆக, வருஷக்கணக்காக அந்த வீட்டில் அந்த மனிதர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சென்றால் அங்கே டாரலின் பேச்சுதான். பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கூடத்தில் காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் அதிகம் பேசறவன் இல்லை, ஆனா ஒண்ணு சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தான் என்றால், மற்றவர்கள் இன்னொரு பீர் வாங்கிவரப் போய்விடுவார்கள். ஊருக்கே மனப்பாடமான பாட்டு அது.

சீட்டு விழுந்த அன்றே மகளிடம் கெஞ்சிப் பார்த்தான். "டீச்சர்கிட்ட கேட்டு வாஷிங்டனை வாங்கிக்கோ கண்ணு. அவருக்கு மரப்பல்லுன்னு சொன்னாலே எல்லாரும் சிரிப்பாங்க."

"எனக்கு வந்தது இவருதான்" என்றாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிடிவாதம், யாரை நோவது. நூலகப் புத்தகத்தைப் பார்த்துத் தானே எழுத வேண்டும், வீடியோ எதுவும் பார்க்கக் கூடாது என்பது டீச்சர் போட்ட நிபந்தனை. வண்டி நிறுத்தும் கராஜின் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசிப் பழகினாள், யாரையும் உள்ளே விடவில்லை. இப்போது அப்பாவிடம் இருந்த ஒரே கோட்டின் கையை மடித்து ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டு, அவனுடைய நீல டையையும் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஜனங்கள் வந்தார்கள். டெஸ்ஸாவைப் பார்த்தார்கள், நெஞ்சில் தொங்கிய பெயர் அட்டையைப் பார்த்தார்கள், அப்புறம் கண்ணால் டாரலைத் தேடினார்கள். தேடிவிட்டு லிங்கன் பக்கம் நகர்ந்தார்கள்.

பிஸ்கட் விற்கும் மேஜையில் அவன் மனைவி லோர்னா நின்றிருந்தாள். அங்கே போனான்.

"இப்படிக் காலுல வெந்நீரைக் கொட்டிக்கிட்டவன் மாதிரி அலையாதே. போய் அமுக்கு" என்றாள்.

"ஊரே பாக்குது லோர்னா."

"பாக்கட்டுமே."

"நீயே அமுக்கிடேன்."

"எனக்கு அதுக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனா அவ என்னைப் பாக்கலை. நீ எங்கெங்கே போறியோ அவ கண்ணும் கூடவே வருது. மெழுகு பொம்மைக்கு அது மட்டும் அசையுது, பாரு."

அவன் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. பௌலிங் தோழன் மெர்ல் பிஸ்கட்டை மென்றுகொண்டு நின்றான். டாரல் அவன் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"மெர்ல், ஒரு உதவி. போய் என் பொண்ணு பொத்தானை ஒரு தடவை அமுக்கிட்டு வா."

"நானா? அப்புறம் உங்கிட்ட ஏச்சு வாங்கறது யாரு? அந்தாளு படம் போட்ட கோப்பையில காபி குடிச்சேன்னு குளிர்காலம் பூரா என்கிட்டப் பேசலை நீ."

"அது வேற."

"என்னய்யா வேற? அந்தப் பிள்ளையைப் பாத்தா எனக்கும் பாவமாத்தான் இருக்கு. உன் முகத்துக்காகத்தான் எல்லாரும் ஒதுங்கிப் போறோம். உனக்கு மரியாதை பண்றோம்."

டாரல் முகத்தில் ஈயாடவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் அவனுடையது, கெட்டது அவன் பிள்ளை.

இப்போதுதான் மகளை நேராகப் பார்த்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் நின்றிருந்தது. பொம்மை அசையக் கூடாது என்பதால் அவள் துடைக்கவில்லை. இத்தனை வருஷம் எவனையோ வைத வசவெல்லாம் இந்தப் பிள்ளையின் முகத்தில் வந்து விழுந்திருக்கிறதே என்று தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது. கூடத்தின் குறுக்கே நடந்தான். பேச்சுச் சத்தம் ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. குனிந்து பொத்தானை அமுக்கினான்.

டெஸ்ஸா கண்ணீரைத் துடைத்தாள். தொண்டையைக் கனைத்தாள். பிறகு காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டைக் குரலில் ஆரம்பித்தாள்.

"நான் அதிகம் பேசறவன் இல்லை, ஆனா ஒண்ணு சொல்லிடறேன்."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அடுத்த கணம் கூடமே சிரித்தது. பொம்மை அசரவில்லை, இடுப்புப் பட்டையில் கட்டைவிரலைச் செருகிக்கொண்டு, பிறந்த ஊர், படித்த படிப்பு, வளர்த்த நாய் எல்லாம் சொன்னது. "நான் இந்த நாட்டுக்கு அதிபரா இருந்தேன். பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது. அதுக்காகக் காலையில எந்திரிச்சு வேலைக்குப் போகாம இருக்க முடியுமா? ரோட்டுல பனி கிடக்கு. எல்லாரும் மெதுவா வீடு போய்ச் சேருங்க." சொல்லிவிட்டு உறைந்துவிட்டது.

அந்தக் கடைசி வார்த்தைகள், அவன் விடியற்காலையில் லாரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, பள்ளிக்கும் வேலைக்கும் போய்வர வேண்டிய அவளுக்கும் லோர்னாவுக்கும் சொல்பவை. டாரல் சிரிக்கவில்லை.

"டெஸ்ஸா, அந்தாளு இப்படியா பேசுவாரு?" என்று மெதுவாகக் கேட்டான்.

உதடு அசையாமல் பதில் வந்தது. "அமுக்காம பேசக் கூடாதுப்பா."

அமுக்கினான்.

"எப்படிப் பேசுவாருன்னு எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் சத்தமே வைக்க விட்டதில்லையே. முக்கியமான ஆளுங்க எப்படிப் பேசுவாங்கன்னு யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

டாரல் குனிந்து, அவள் கழுத்தில் கோணியிருந்த நீல டையை நேராக்கினான்.

"தள்ளு தள்ளு, குபியாக் அதிபரை நானும் கேக்கணும்" என்று மெர்ல் அவனை இடித்துத் தள்ளினான். அவன் பின்னால் வரிசை லிங்கன்வரை நீண்டுவிட்டது.

அன்று சாயங்காலம் வானிலைக்கு முன்னால் அந்த முகம் திரையில் வந்தது. டாரலின் கை ரிமோட் வரைக்கும் போய் நின்றுவிட்டது. ஸ்டிக்கர்கள் வண்டியில் அப்படியேதான் இருந்தன. அவன் மனசொன்றும் மாறிவிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டெஸ்ஸா முட்டியைக் கட்டிக்கொண்டு அந்தக் குரலை முதல் தடவையாகக் கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் அப்பா பக்கம் திரும்பினாள்.

"இவரு சரியாவே பேசலைப்பா" என்றாள்.