முதல் ஈட்டின் உப்பு

எண்ணெய் இன்னும் காயவில்லை. பூமாரி அடுப்பையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒன்பது மணிக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் தாராவிச் சந்துகளைத் தாண்டவே நேரமாகும்.

"அண்ணாச்சி, நான் கிளம்புதேன். இன்னைக்கு வயித்துக்குள்ள குழா விட்டுப் பாக்காவ."

"போவாண்டாம்னா சொன்னேன்?" முறுக்குப் பட்டறை முதலாளி கணேசபாண்டியன் போனிலிருந்து தலையெடுக்கவில்லை. "முத ஈட்டுக்கு உப்பு பாத்துச் சொல்லிட்டுப் போ. போன வாட்டி பிரேமலதா பாத்து, மாட்டுங்கா கடைக்காரன் மூட்டையோட திருப்பி அனுப்பிட்டான்."

அது உண்மைதான். மும்பைக்காரர்கள் சக்லி என்று சொல்லும் முறுக்கை யாரும் பிழிவார்கள். உப்பும் காரமும் பார்ப்பது பூமாரியின் நாக்குதான்.

பித்தப்பையை எடுத்ததிலிருந்தே அவளுக்கு நெஞ்சு கரிக்கும். மஞ்சளாகக் கசந்து வாந்தி வரும். போன வருஷம் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பித்தநீர் மேலேறி இரைப்பையை அரிக்கிறது, உள்தோல் மாறத் தொடங்கிவிட்டது என்றார். கேன்சர் இல்லை. ஆனால் விட்டால் ஆகலாம். வருஷம் தவறாமல் பார்க்க வேண்டும். அந்த 'ஆகலாம்' அவளை நிம்மதியாகத் தூங்க விட்டதில்லை. இப்போது உடம்பு வேறு இளைத்து, ரவிக்கை தொளதொளவென்று கிடந்தது.

முதல் ஈடு வந்தது. ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டாள். உப்பு குறைவு. மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து அடுத்த ஈடு. அதையும் மென்றாள். பிறகு காரம் பத்தவில்லை. கை தானாக ஒடித்தது, வாய் தானாக மென்றது. எல்லாம் சரியானதும் ஓடினாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் துள்ளி எழுந்தாள்.

"காலி பேட் ஹை ந, மௌசி?" என்றாள் நர்ஸ்.

வெறும் வயிறுதான் என்று சொல்ல வாயெடுத்தபோது கடைவாய்ப் பல்லில் எள் இடறியது.

"சாப்பிடலை சிஸ்டர். சக்லிக்கு உப்பு மட்டும் பாத்தேன்," என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்.

எதை விழுங்கியிருந்தாலும் இன்று குழாய் விட முடியாது என்றாள் நர்ஸ். துப்பியிருக்கலாம். ஆனால் பட்டறையில் யாரும் துப்புவதில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறேன், கடைசியாகவாவது பாருங்கள் என்று கெஞ்சினாள். இன்றைக்கு இடமில்லை, அடுத்த தேதி மார்ச்சில் ஹோலிக்கு அப்புறம்தான் என்று சொல்லிவிட்டு, நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

பஸ்ஸிலேயே கசப்பு தொண்டைக்கு ஏறிவிட்டது. பட்டறைக்குள் நுழைந்ததும் கணேசபாண்டியன் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. புது மாவு பிசைஞ்சிருக்கு, உப்பு பாரு."

சுடச்சுட ஒரு சக்லியை நீட்டினார். ஒடித்து நாக்கில் வைத்தாள். கசந்தது. காத்திருந்து, மறுபடி மென்றாள். கசப்பு மட்டும்தான் தெரிந்தது. பிரேமலதா அச்சைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கு அண்ணாச்சி," என்று விழுங்கினாள்.