வற்றிய குளத்தில் மிதந்த ஈ

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு, ஓசெல்லா தார்ப் தூண்டிலில் கட்டி வீசிய நுரை ரப்பர் பொய் ஈ, வற்றிப்போன குளத்தின் வெடித்த சேற்றுக்கு நாலரை அடி உயரத்தில், வெறுங்காற்றின் மேல் உட்கார்ந்து மிதந்தது. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், கேடி ஃபோர்க் ஊரில் அன்று வெயில் நூற்றிரண்டு டிகிரி. ஜூன் முதல் ஒரு துளி மழை இல்லை. மக்காச்சோளம் கதிர் பிடிக்காமலே கருகியிருந்தது.

ஓசெல்லா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், வயது ஐம்பத்துமூன்று. காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் ஸ்டியரிங்கில் ஒரு சின்ன வைஸ் இடுக்கியைத் திருகி மாட்டி, அதில் தூண்டில் முள்ளைப் பிடிக்கவைத்து ஈ கட்டுவாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிய்ந்த ஹவாய் செருப்பில் முள்ளின் வாயகலத்துக்கு ஒரு பட்டை நறுக்கி, முள்ளின் தண்டில் மடித்து வைத்து நூலால் சுற்றி, இரண்டு பக்கமும் ரப்பர் இழைகளைக் கால்களாக விட வேண்டும். நூலை இறுக்கினால் நுரை அறுந்துவிடும். தளர்த்தினால் உடம்பு முள்ளைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகும். கடைசியில் முதுகில் ஒரு மஞ்சள் துணுக்கு, வீசுகிறவர் கண்ணுக்குத் தெரிவதற்காக. உள்ளங்கை அகலமும் செம்பு நிற வயிறும் கொண்ட புளூகில் மீன் இந்த ஈயைக் கண்டால் விடாது.

குளம் அப்பா விட்டுப்போனது. பத்திரப்படி தம்பி டெல்மரின் பங்கில் இருந்தது. வற்றியதும் அதை உழுது கோதுமை போடப் போவதாக டெல்மர் சொன்னான். அக்கா முகத்துக்காகச் சனிக்கிழமை வரை பொறுத்தான். "மழை வந்தா குளம், வராட்டி வயல். இதுல என்னக்கா பேச்சு?" ஒரு தடவை கலப்பை இறங்கினால் அந்த மண்ணில் இனி தண்ணீர் நிற்காது என்பது ஓசெல்லாவுக்குத் தெரியும். அவளை உறுத்தியது வேறொன்று. குளம் வற்றிய நாளில் ஒரு செத்த மீன்கூடச் சேற்றில் கிடக்கவில்லை. கொக்குகள் இரண்டு நாள் காத்திருந்து, ஏமாந்து பறந்துபோயின. அப்படியென்றால் மீன்கள் எங்கே? அதனால்தான் தினமும் கரைக்கு வந்து வீசினாள். வெட்டுக்கிளியைக் கோத்து வீசினாள், சேற்றில் விழுந்தது. தக்கை கட்டி வீசினாள், அதுவும் விழுந்தது.

தூண்டில் கடை ஹோமர் லாரியை நிறுத்திக் கேட்டான். "ஓசெல்லாக்கா, எலி ஏதாச்சும் கடிக்குதா?"

"கடிச்சா உன் கடைக்கே அனுப்பிடறேன். சொந்தக்காரங்களோட இருக்கட்டும்."

செருப்பு ஈ மட்டும் விழவில்லை. மிதந்தது. அதைச் சுற்றி ஒரு வளையம் கிளம்பிக் காற்றில் விரிந்தது. ஓசெல்லா கழியைக் கீழே வைத்துவிட்டுக் குளத்துக்குள் இறங்கி நடந்தாள். பூட்ஸில் புழுதிதான் ஒட்டியது. ஈக்கு நேர் கீழே போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். முப்பது வருஷமாக ஆயிரக்கணக்கில் ஈ கட்டியவள், ஒன்றைக்கூடக் கீழேயிருந்து பார்த்ததில்லை. மஞ்சள் துணுக்கு தெரியவே இல்லை. ஒரு கறுத்த வயிறு வானத்தை லேசாக அழுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கால் பட்ட இடத்திலும் வெளிச்சம் குழிந்திருந்தது. அவளைச் சுற்றி, வெடித்த சேற்றின் மேல், மீன்களின் நிழல்கள் நீந்தின. மீன்கள் இல்லை, நிழல்கள் மட்டும். ஒரு நிழல் அவள் முழங்காலில் ஏறி, மடியைக் கடந்து, மறுபக்கம் இறங்கிப் போனது. ஓசெல்லா மூச்சுவிட மறந்தாள். பிறகு பயந்துகொண்டே விட்டுப் பார்த்தாள். மூச்சு வந்தது.

சனிக்கிழமை காலை டெல்மர் டிராக்டரை ஓட்டி வந்து குளத்துக்குள் இறக்கினான்.

"எறங்குடா. ஒரு தடவை வீசு, அப்புறம் உழுதுக்கோ."

"ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்குது. என்னையும் சேர்த்துச் சிரிக்கணுமா?"

"சிரிக்கட்டும். நீ வீசு."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. புளூகில் ஈயை உடனே தொடாது. நீர்வளையம் முழுக்க அடங்கி, ஈ செத்ததுபோலக் கிடந்தால்தான் வாய் வைக்கும். டெல்மருக்குப் பொறுக்காது. வளையம் விரியும்போதே வெடுக்கென்று இழுத்துவிடுவான். நாற்பத்தெட்டு வயதில், அந்தக் குடும்பத்திலேயே, ஈ போட்டு ஒரு புளூகில்கூடப் பிடிக்காதவன் அவன் ஒருவன்தான்.

வீசினான். ஈ காற்றில் நின்றது. "சிலந்தி நூல்ல மாட்டிருக்கு," என்று சொல்லி இழுத்தான். மறுபடி வீசினான். மறுபடி நின்றது. "இன்னொரு சிலந்தி," என்றான், குரல் இறங்கியிருந்தது. மறுபடி இழுத்தான். ஓசெல்லா போய் டிராக்டரை அணைத்துவிட்டு வந்தாள்.

"இந்த ஒரு தடவை கையை ஆட்டாதடா, டெல்மர். உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

மூன்றாவது முறை வளையம் விரிந்து விரிந்து காய்ந்த வில்லோ மரத்தைத் தாண்டியது, எதிர்க்கரையைத் தொட்டது, அடங்கியது. டெல்மர் கழியை அசைக்கவில்லை. ப்ச் என்று முத்தம் கொடுத்த சத்தம். ஈயைக் காணோம். கழி வளைந்தது. வெறுங்காற்றிலிருந்து ஒரு புளூகில் சொட்டச் சொட்டப் புரண்டு அவன் கைக்கு வந்தது. கிட்டத்தட்ட மூன்று மாதத்தில் அந்த ஊரில் மேலேயிருந்து விழுந்த முதல் தண்ணீர் அவன் சட்டையில் தெறித்தது.

"அக்கா, இது ஈரமா இருக்கு."

"மீன் ஈரமாத்தான்டா இருக்கும்."

டெல்மர் மீனின் முதுகு முள்ளைத் தடவி அமுக்கி, தூண்டில் முள்ளைக் கழற்றி, மார்பு உயரத்தில் கையை விரித்தான். மீன் கீழே விழவில்லை. ஒரு நொடி அப்படியே நின்று, வாலை அடித்து, காணாமல் போனது. டெல்மர் டிராக்டரைப் பின்னோக்கி ஓட்டிக் கரையேற்றினான்.

செப்டம்பரில் ஊரே வந்து வீசியது. ஈ கட்டுவதற்கென்று ஹோமர் கடையில் பழைய செருப்புகள் விலைக்கு எடுக்கப்பட்டன. மீன் இலாகா அதிகாரி ஒருவர் வந்து வெடித்த சேற்றில் கால் மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு எல்லாரிடமும் மீன்பிடி லைசென்ஸ் கேட்டார். வறண்ட குளத்து மீனில் சேற்று வாடை இல்லை என்று, சோளமாவில் புரட்டிப் பொரித்துச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

நவம்பரில் மழை கொட்டியது. ஒன்பது நாளில் தண்ணீர் ஏறி, சரியாக நாலரை அடியில் நின்றது. டெல்மருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். குளம் வற்றிக் கிடந்தபோது மரக்கட்டையில் ஈ சிக்கினால் நடந்துபோய் எடுத்து வரலாம், இனிமேல் அதற்கும் படகு வேண்டும்.