மூன்றாம் மாடி ஓய்வறை நோட்டு

மூன்றாம் மாடி ஓய்வறையை மூடிவிடலாம் என்று நிர்வாக மேலாளர் சொன்னபோது, ஆதாரமாக மேசைமேல் ஒரு நோட்டைப் போட்டார். மூன்று வருடத்து நோட்டு. உள்ளே ஒரு கையெழுத்துகூட இல்லை.

"ஈ காக்கா எட்டிப் பாக்கல. கட்டிலைத் தூக்கிட்டு ரெண்டு பிரிண்டர் போட்டாலாவது பிரயோஜனம்," என்றார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் சுத்தியல். எதைக் கண்டாலும் அதன் தலையில் ஒரு போடு போடுவார்.

எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, சமத்துவம் மேடம். சமவாய்ப்புப் பிரிவுத் தலைவி என்பதால் கேலியாகத்தான் வைத்தார்கள். உடம்பு முடியாதவர்களுக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இந்தக் கம்பெனியில் இடம் வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டியவள். வாசலில் சாய்தளம், லிஃப்டில் மாடி சொல்லும் குரல் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாங்கினாள். இந்த ஓய்வறையும் அப்படி வாங்கியதுதான். நோட்டும் அவள் போட்ட விதிதான். படுக்க வருகிறவர் பெயர், பிரிவு, நோய் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் ஏமாற்றிவிடக் கூடாதாம். என்ன ஒரு புத்திசாலித்தனம்!

அவளுக்கே முடக்குவாதம். பார்த்தால் தெரியாது. காலையில் விரல்கள் விறைத்துக்கொள்ளும், சட்டைப் பொத்தானை வீட்டுக்காரர்தான் போட்டுவிடுவார். பதினொரு மணிக்கு முழங்கால் கெஞ்ச ஆரம்பிக்கும். அந்தக் கட்டிலில் இருபது நிமிடம் படுத்துத்தான் மிச்சப் பகலை ஓட்டினாள். ஆனால் ஒரு நாளும் நோட்டில் எழுதவில்லை. "தயங்காம சொல்லுங்க" என்று மேடைக்கு மேடை முழங்கியவள் தன் நோயை மூடி மறைத்தாள். தெரிந்தால் ஓரங்கட்டிவிடுவார்கள் என்று பயம்.

"சொல்லித் தொலையேன்! இதுக்காகத்தானே அந்த வேலையே பாக்குற?" என்று வீட்டுக்காரர் கத்தாத வாரமில்லை.

"ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க மேடம், நான் வாயை மூடிக்கறேன்," என்றார் சுத்தியல். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் நோட்டை இழுத்தாள். பேனா மூடியைக் கழற்ற விரல் வரவில்லை, பல்லால் கடித்துத் திறந்தாள். பெயர், பிரிவு, முடக்குவாதம். கையெழுத்து கோழி கிறுக்கியது போல விழுந்தது.

"மூணு வருஷமா தினமும் நான் படுக்கிறேன்," என்றாள்.

சுத்தியல் சிரித்தார். "ஓஹோ, ஆபீஸ் நேரத்துல தூக்கமா? பாத்தா குத்துக்கல்லாட்டம் இருக்கீங்களே!"

"நீங்க நம்பறதுக்கு நான் நொண்டிக் காட்டணுமா?" என்று நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"சரி சரி, ரூம் இருக்கட்டும்," என்று முதலாளி எழுந்துவிட்டார்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். மறுநாள் பதினொரு மணிக்குப் போனால் ஓய்வறைக் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. 'சமவாய்ப்புப் பிரிவுத் தலைவிக்கு மட்டும்.' சுத்தியலின் கைவரிசை. அட்டைக்குக் கீழே அந்த நோட்டு கயிற்றில் தொங்கியது, அவள் நோய் எழுதிய பக்கம் எல்லோரும் பார்க்கும்படி விரிந்திருந்தது.

துப்புரவு வேலை பார்க்கும் அக்கா தலையணை உறைகளோடு நின்றிருந்தாள். "இனிமே ஒரு உறை போதும்னுட்டாங்க மேடம்."

"முன்னாடி எத்தனை?"

"தினமும் நாலோ அஞ்சோ. ஆளுக்கு ஒண்ணு மாத்துவேன். யாரு எவருன்னு கேட்டுக்க மாட்டேன். இன்னிக்குக்கூட ஒரு பொண்ணு வந்துச்சு. இதைப் படிச்சிட்டு, வயித்தைப் புடிச்சிக்கிட்டே படியிறங்கிப் போயிடுச்சு."

மூன்று வருடம் நோட்டைப் புரட்டியவள், உறை மாற்றுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சுத்தியல்மேல் வந்த கோபமெல்லாம் தன் பக்கமே திரும்பியது. செவிட்டில் அறைந்தாற்போல் இருந்தது.

அட்டையைப் பிய்த்தாள். விரல் மடங்கவில்லை, மணிக்கட்டைக் கொடுத்து நெம்பினாள். பாதியில் அக்கா வந்து மீதியை உரித்தாள்.

"நோட்டு மேடம்?"

"அதையும் குப்பையில போடுங்க."

"மேனேஜர் ஐயா கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. எத்தனை உறைன்னு மட்டும் தினமும் எங்கிட்ட சொன்னாப் போதும்."

கட்டில் கண்ணெதிரே கிடந்தது, முழங்கால் கெஞ்சியது. அன்று அவள் படுக்கவில்லை. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, அந்தப் பெண் போன வழியில் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.